நிவாரணப் பொதியில் வராதவை

இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தின் கதையை அறிய வேண்டுமானால், அவர்களுடைய உழவு இயந்திரப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டாலே போதும்.

2008ஆம் ஆண்டு மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்கு ஊர்களிலிருந்து வெளிக்கிட்ட மக்கள், வீட்டு ஓடுகளையும் கதவு நிலைகளையும் யன்னல்களையும் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நெல் மூடைகள், நீரிறைக்கும் இயந்திரம், தையல் இயந்திரம், கோழிக்கூடு என்று பெட்டி நிறைந்து வழிந்தது. முழங்காவிலில் சில மாதம், கிளிநொச்சியில் சில மாதம், பின்பு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பெட்டியில் இருந்தது குறைந்துகொண்டே போனது. ஓடுகளை ஓரிடத்தில் விட்டார்கள். நெல்லை விற்றார்கள், சமைத்தார்கள், எஞ்சியதைக் கைவிட்டார்கள். பிறகு உழவு இயந்திரத்தையே விட்டார்கள். 2009 ஏப்பிரல், மே மாதங்களில் வெளியே வந்தபோது பலருடைய கையில் இருந்தது ஒரு பை மாத்திரமே. அந்தப் பையும் இல்லாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த மக்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்துக்கு யாரும் அவர்களைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. செல் விழும் ஓசைக்கு நடுவே, பிள்ளைகள் அழும்போது, ஐந்து நிமிடத்துக்குள் எடுத்த தீர்மானங்கள் அவை. அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டதை எழுதிவைப்பது எமது கடமை என்று நினைக்கிறோம். சொந்த நிலத்துக்கு இன்னமும் திரும்ப முடியாதிருப்போர் எம்மிடையே இருக்கிறார்கள். திரும்பியவர்களும் ஒவ்வொரு மாரியிலும் வெள்ளத்துக்கு அஞ்சியே படுக்கிறார்கள். மலையகத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் சில நிமிடங்களில் புதையுண்டன. ஆகவே இது கடந்துபோன யுத்தத்தைப் பற்றிய பேச்சு மாத்திரமல்ல.

விலை வேறு, ஈடு வேறு

இடம்பெயரும்போது நாம் இயல்பாகவே விலையுயர்ந்த பொருளைத்தான் முதலில் தூக்குகிறோம். அதில் தவறில்லை. நீரிறைக்கும் இயந்திரம் இருந்தால் போன இடத்தில் அரை ஏக்கர் மிளகாய் போடலாம். தையல் இயந்திரம் இருந்தால் நாலு சட்டை தைத்துக் கொடுக்கலாம். பிழைப்புக்கு வேண்டியதை எடுப்பது புத்தி.

ஆனால் பிழைப்புக்கு வேண்டியது வேறு, ஈடு செய்ய முடியாதது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் நாம் ஏமாறுகிறோம். இதைப் பிரித்தறிய ஒரு எளிய அளவுகோலை இடம்பெயர்ந்த தாய் ஒருவரிடமிருந்தே கற்றோம். 2009இல் செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்த நாட்களில், கூடாரம் கூடாரமாகப் பாய், வாளி, சட்டிபானை, நுளம்புவலை என்பன பகிர்ந்தளிக்கப்பட்டன. அந்தத் தாய் தமக்குக் கிடைத்த பொதியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவாமி, நாங்கள் விட்டிட்டு வந்ததெல்லாம் இதுக்குள்ள இருக்கு. நான் கொண்டுவந்தது மட்டும் இதுக்குள்ள இல்லை."

அவர் கொண்டுவந்தது என்ன? சொப்பிங் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்திருந்த ஒரேயொரு புகைப்படம். காணாமற்போன மூத்த மகன், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கும் படம்.

நிவாரணப் பொதியில் வருவது எது, வராதது எது? எமது மக்களின் அனுபவத்தில் இதைவிட நல்ல கேள்வி இல்லை. மண்வெட்டி பொதியில் வரும். தறப்பாள் வரும். அடுத்த போகத்துக்கு விதைநெல்கூட வரும். எந்த அரசாங்கமும் எந்த நிறுவனமும் எந்த உறவினரும் திருப்பித் தர முடியாத பொருள் எதுவோ, அதுவே ஈடற்றது. அது பெரும்பாலும் விலை மதிப்பில்லாத, நிறை குறைந்த, அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கிற ஒன்றாகவே இருக்கும்.

நாம் விட்ட பிழை

இதை மற்றவர்களுக்குச் சொல்லும் நாம், எமது பிழையையும் சொல்லத்தான் வேண்டும். 2008இல் நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பணியாற்றிய பங்கு இடம்பெயர நேர்ந்தபோது, திருப்பலிப் பாத்திரங்களையும் பூசை உடைகளையும் ஒலிபெருக்கியையும் மின்பிறப்பாக்கியையும் ஏற்றினோம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் அலுமாரியில் இருந்தன. அடுத்த நடையில் எடுக்கலாம் என்று விட்டோம். அடுத்த நடை என்று ஒன்று வரவேயில்லை.

பாத்திரங்களுக்குப் பதிலாக வேறு பாத்திரங்கள் கிடைத்தன. மின்பிறப்பாக்கியும் கிடைத்தது. 2011இல் முதியவர் ஒருவர் எம்மிடம் வந்தார். பிறந்தபோது அவருடைய பிறப்பு பதியப்படவில்லை. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்பட்டது. "சுவாமி, என்ர பேர் உங்கட புத்தகத்தில மட்டும்தானே இருந்தது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அது எமது காதில் கேட்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இருவரின் சத்தியக்கூற்றைக்கொண்டு அலுவல் ஒப்பேற ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

எமது முன்னோர் எம்மைவிட விவேகமாக நடந்தார்கள். 1670ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, மாந்தையிலிருந்து இருபது வரையான குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே மருதமடுவுக்குப் போனதாக மடுத்திருப்பதியின் வரலாறு கூறுகிறது. வீடுவாசலை விட்டுப் போனவர்கள், தாங்கள் யார் என்பதற்கான அடையாளத்தை விட்டுப் போகவில்லை. 2008 ஏப்பிரலில் அதே திருச்சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்று, ஆவணியில் திரும்பியது.

விடுதலைப் பயண நூலிலும் இவ்வாறான ஒரு காட்சி உண்டு. எகிப்தைவிட்டு இரவோடிரவாக வெளியேறிய இஸ்ராயேல் மக்கள், புளிக்காத மாவைப் பாத்திரத்தோடு துணியில் கட்டித் தோளில் சுமந்தார்கள். அது பிழைப்புக்கு. மோசேயோ யோசேப்பின் எலும்புகளை எடுத்துச் சென்றார். அது முன்னோருக்குக் கொடுத்த வாக்குக்கு. ஒரு மக்கள் கூட்டத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன.

கடதாசிகளைப் பற்றி

"காணி உறுதி போய்விட்டது, இனி எல்லாம் போய்விட்டது" என்று அழுத பலரைக் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஆறுதலான செய்தி. நொத்தாரிசு முடித்த உறுதியின் மூலப்பிரதி எமது கையில் இருக்க, ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையிலும் இன்னொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். பதிவகத்தில் பணம் கட்டி உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளின் பிரதிகளும் எடுக்கக்கூடியவை. அடையாள அட்டையை ஆட்பதிவுத் திணைக்களமும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களமும் மீண்டும் தரும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தின் விபரம் பிரதேச செயலகப் பேரேட்டில் பதியப்பட்டிருக்கும். 2004 டிசெம்பர் 26 கடற்கோளுக்குப் பின்னும் 2009க்குப் பின்னும் நடமாடும் சேவைகள் மூலம் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு ஆவணங்களை மீளப் பெற்றார்கள்.

ஆனால் பிரதி எடுக்கப் போகிறவரிடம் அலுவலர் கேட்கும் முதற்கேள்வி, "உறுதி இலக்கம் என்ன? திகதி என்ன? எந்த நொத்தாரிசு?" என்பதுதான். இந்த மூன்றும் தெரியாமல் ஒரு கச்சேரிக்கும் மறு கச்சேரிக்கும் நடந்து களைத்தவர்கள் ஏராளம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேறினார்கள். காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்படத் தொடங்கியபோது, வெளியேறிய தகப்பனார் பல குடும்பங்களில் உயிரோடு இல்லை. வேலியும் எல்லைக்கல்லும் இருந்த இடம் தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. பிள்ளைகளுக்குக் காணியின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

ஆகவே உறுதியைக் காப்பதற்கு முன்பே, உறுதியின் விபரத்தைக் காக்க வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், பரப்பு அல்லது ஏக்கர் அளவு, நான்கு எல்லைகள், பதிவகத்தின் ஏட்டு எண், பக்க எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அனுமதிப்பத்திரக் காணியானால் பத்திர இலக்கத்தோடு, பின்னுரித்தாளராக யார் பெயர் பதியப்பட்டுள்ளது என்பதையும் எழுதுங்கள். பதியப்படவில்லையாயின் அதைச் செய்விக்க இதுவே தருணம்.

இனி, பிரதி எங்கும் இல்லாத கடதாசிகளும் உண்டு. அவற்றைத்தான் முதலில் பையில் வைக்க வேண்டும். பதியப்படாத கைச்சீட்டு, அடகுச் சீட்டு, நோயாளியின் கிளினிக் கொப்பி, காணாமற்போன பிள்ளையைப் பற்றிப் பொலிசில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தந்த சீட்டு, கமக்காரர் அமைப்பின் அல்லது கிராம சங்கத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பி என்பன இவ்வகையின. அச்சடித்த பத்திரம் பெரிதாகவும், கையால் எழுதிய துண்டு சிறிதாகவும் எமக்குத் தோன்றுகிறது. உண்மையில் திரும்பப் பெற முடியாதது அந்தச் சிறிய துண்டுதான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களில் பலவற்றை வேறிடங்களிலிருந்து மீண்டும் சேர்க்க முடிந்தது. வேறு பிரதி இல்லாதிருந்த ஓலைச்சுவடிகளைச் சேர்க்க முடியவில்லை. ஒரு சமூகத்துக்கு நடந்ததே ஒரு குடும்பத்துக்கும் நடக்கும். ஒரேயொரு இடத்தில் இருப்பது ஒரேயொரு தீயில் போய்விடும்.

முகங்கள்

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து, வலிந்து காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். அருகே போய்ப் பார்த்தால் தெரியும்: சில படங்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தவை, சில ஒரு கலியாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்தவை, சில நீர்பட்டு முகம் பாதி அழிந்தவை. படமே இல்லாத தாய்மாரும் உண்டு. பெயரை எழுதிய தாளையே அவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

வீட்டில் படங்களை எடுத்து வைப்பது பெரும்பாலும் பெண்கள்தான். வெளிக்கிடும் நேரத்தில் "இப்ப படமே முக்கியம்?" என்று அதட்டுவது பெரும்பாலும் ஆண்கள்தான். அதட்டிய தகப்பன்மார் பலர் பின்பு அந்தப் படத்தைத்தான் தேடினார்கள். ஆகவே இதில் வீட்டிலுள்ள எல்லோரையும் கேட்க வேண்டும். ஆச்சிக்கு எது முக்கியம் என்று கேளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். பிள்ளை ஒரு கிழிந்த பாவையைக் காட்டினால் சிரிக்க வேண்டாம். புதிய இடத்தில் இரவில் அந்தப் பிள்ளை நித்திரை கொள்வது அதனோடுதான்.

படங்கள் நனைந்துவிட்டால் ஒட்டியவற்றைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் மெல்ல ஊறவிட்டுப் பிரித்து, படமுள்ள பக்கம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள். பொலித்தீனில் சுற்றும்போது படங்களுக்கிடையே வெள்ளைத்தாள் வைத்து, நன்றாகக் காய்ந்த பின்பே கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. படங்களையும் பத்திரங்களையும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, தூரத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்திருந்தால் தொலைபேசியோடு அதுவும் போய்விடும்.

விதை

கமக்காரருக்கென்று இன்னுமொரு பொருள் உண்டு. திணைக்களம் வெளியிட்ட நெல்லினம் தவறிப்போனால் கமநல சேவை நிலையத்தில் கேட்டு வாங்கலாம். வீட்டில் தலைமுறையாக வைத்திருந்த மொட்டைக்கறுப்பனையும், ஆச்சி சாம்பல் பிசைந்து சுரைக்குடுவையில் வைத்திருந்த கத்தரி, புடோல், பயற்றை விதைகளையும் அப்படி எளிதாக வாங்க முடியாது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள மரபுவள நிலையத்தில் பல பழைய இனங்களின் விதை பாதுகாக்கப்படுகிறது. ஆயினும் எமது தோட்டத்து மண்ணுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பழகிய விதை எமது கையில்தான் இருக்கிறது.

விதையைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. ஓரிரு வருடம் விதைக்காவிட்டால் முளைதிறன் குறைந்து செத்துப்போகும். அதைக் காக்கும் வழி பகிர்ந்து கொடுப்பதுதான். நன்றாக உலர்த்திய விதையில் ஒரு கைப்பிடியை வேறு ஊரிலுள்ள இரண்டு வீட்டாருக்குக் கொடுங்கள். அவர்களுடையதையும் வாங்கி விதையுங்கள். எமது வயல் போனாலும் எமது விதை அவர்களுடைய வயலில் நிற்கும்.

எடுத்துச் செல்ல விடாதபோது

எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையே சிலருக்கு மறுக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். பணத்தையும் நகையையும்கூட எடுத்துச் செல்ல விடவில்லை. எமது இழப்புகளைப் பற்றிப் பேசும்போது, எம்மவர் பெயரால் எமது அயலவருக்கு நேர்ந்த இந்த இழப்பையும் நினைக்காவிட்டால் எமது பேச்சில் உண்மை இராது.

அவர்களுக்கு அன்றும், எமக்குப் பின்பு முள்ளிவாய்க்காலிலும் நேர்ந்ததிலிருந்து ஒன்றைக் கற்கிறோம். எவ்வளவு கவனமாகக் கட்டிய பையும் கைநழுவிப் போகலாம். அதனால்தான் முக்கியமானவற்றின் பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோதும், பிந்திய எல்லா இடப்பெயர்வுகளிலும், "ஒரு சாமானை மறந்திட்டன், எடுத்துக்கொண்டு ஓடிவாறன்" என்று திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. உறுதிக்குப் பிரதி எடுக்கலாம். படம் போனாலும் முகம் நினைவில் கொஞ்சக் காலமாவது நிற்கும். போன ஆளைத் தர எந்தக் கச்சேரியாலும் முடியாது. வெளிக்கிட்ட பிறகு எதற்காகவும் திரும்பிப் போவதில்லை என்று குடும்பமாக முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பையை முன்பே கட்டிவைப்பதன் முழு நோக்கமும் இதுதான்.

இந்தக் கிழமை செய்யக்கூடியது

ஒருநாள் இரவுச் செபம் முடிந்த கையோடு எல்லோரும் பாயில் இருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தமக்கு ஈடற்றது என்று நினைக்கும் ஒரு பொருளைச் சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: இது நிவாரணப் பொதியில் வருமா? இதற்கு வேறெங்கும் பிரதி உண்டா? வயதான ஒருவரால் இதைத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டை நடக்க முடியுமா?

பொதியில் வராதவற்றையும் பிரதி இல்லாதவற்றையும் ஒரு பையில் இடுங்கள். அதன் நிறை ஒரு கைக்குழந்தையின் நிறையைவிடக் கூடக் கூடாது. ஏனெனில் மறு கையில் குழந்தை இருக்கும். பையை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், கதவுக்கு அருகே வையுங்கள். யார் தூக்குவது, அவர் வீட்டில் இல்லாவிட்டால் யார் தூக்குவது என்பதையும் பேசிவையுங்கள். காணி விபரம் எழுதிய தாளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பையிலும் ஒன்றை வேறு ஊர் உறவினரிடமும் வைத்து, மூன்றாவதைப் பங்கு அலுவலகத்திலோ நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ கொடுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு உறுதி இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

எமது பங்குகளிலும் இப்போது பதிவேடுகளின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறிடத்தில் வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அந்த முதியவருக்கு நாம் பட்ட கடன் அதனால் தீராது. அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களாவது இரண்டு இடங்களில் இருக்கும்.

அடுத்த பங்குக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுத் தாளையும் கொண்டுவாருங்கள். விபரங்களைச் சரிபார்க்க எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருப்பார்கள். ஒரு கைப்பிடி விதையும் கொண்டுவந்தால், இன்னொரு வீட்டாரின் விதையோடு மாற்றிக்கொண்டு போகலாம்.